விருப்பத்தை வரிசையாக எழுதவும்

இலங்கையில் ஒரு பிள்ளையிடம் "உனக்கு என்ன விருப்பம்?" என்று அரசாங்கம் கேட்பது ஆயுளில் ஒரே ஒரு தடவை. முதலாம் ஆண்டில் சேர்த்தபோது கேட்கவில்லை. அப்போது கேட்டது வாக்காளர் பதிவும் மின்சார பில்லும். ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசிலில் கேட்கவில்லை. அப்போது பத்து வயது முதுகில் ஏறியிருந்தது பெற்றோரின் விருப்பம். உயர்தரப் பெறுபேறு வெளியாகி, கொண்டாட வேண்டியவர்கள் கொண்டாடி, அழ வேண்டியவர்கள் அழுது முடித்த பிறகுதான் கொழும்பு 7, வார்ட் பிளேஸிலிருந்து அந்தக் கேள்வி வருகிறது. பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு ஒரு கைநூலை வெளியிடுகிறது. நூற்றுக்கு மேற்பட்ட கற்கைநெறிகள். 17 பல்கலைக்கழகங்கள். ஒவ்வொன்றுக்கும் எண்ணும் எழுத்துமாக ஒரு குறியீடு. வாசித்து, யோசித்து, விருப்பத்தை வரிசைப்படுத்தித் தரச் சொல்கிறது.

என்ன ஒரு ஜனநாயகம்!

இப்போது கணக்கைப் பாருங்கள். ஒன்றரை இலட்சத்துக்கு மேற்பட்டோர் பல்கலைக்கழகம் செல்லத் தகுதி பெற்றிருப்பதாகப் பரீட்சைத் திணைக்களம் பெருமையோடு அறிவிக்கிறது. உள்ளே எடுக்கப்படுவோர் நாற்பதாயிரத்துச் சொச்சம். மிச்சம் ஒரு இலட்சத்துக்கு மேல். அவர்களும் தகுதியானவர்கள் என்று அரசாங்கமே முத்திரை குத்திக் கொடுக்கிறது. இடம்தான் இல்லை. ஊரெல்லாம் கல்யாணக் காட் கொடுத்துவிட்டு நாலு பேருக்கு ஒரு இலை போட்டவனை நாங்கள் என்ன சொல்லித் திட்டுவோம்? இங்கே அதற்கு உயர்கல்விக் கொள்கை என்று பெயர்.

கிருலப்பனையில் ஹைலெவல் வீதியிலிருந்து கால்வாய்ப் பக்கம் இறங்கும் ஒழுங்கையில் ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். சாப்பாட்டு மேசையில் போன வருட வெட்டுப்புள்ளிப் பட்டியலின் போட்டோக் கொப்பி. அதன் மேல் ஒரு அடிமட்டம். பக்கத்தில் சீனிப் போத்தலில் சாய்த்து வைத்த போன். அதற்குள் ஸ்காபரோ மாமா. பட்டியலில் 25 மாவட்டத்துக்கு 25 நிரல். கொழும்பு நிரலில் அடிமட்டத்தை வைத்துப் பிள்ளை மேலிருந்து கீழே வருகிறாள். மருத்துவம், இல்லை. பல் மருத்துவம், இல்லை. மிருக வைத்தியம், இல்லை. அடிமட்டம் இறங்க இறங்க அப்பாவின் முகமும் இறங்குகிறது.

"முதலாவது மெடிசின் போடு."

"அப்பா, என்ர புள்ளிக்கு அது கனவிலயும் வராது."

"வராட்டிப் பரவாயில்லை, போடு. சனம் கேட்டா, போட்டனாங்கள் எண்டு சொல்லலாம்."

மாமா போனுக்குள்ளிருந்து கத்துகிறார்: "ஐடி போடச் சொல்லு. இப்ப எல்லாம் ஐடிதான்." பிள்ளை படித்தது பயோ. மாமாவுக்கு அது ஒரு பொருட்டல்ல. கனடாவில் இருப்பவர்களுக்கு இலங்கையின் எல்லாப் பிரச்சினைக்கும் விடை தெரியும். அங்கே பனி கொட்டும்போது யோசிக்க நேரம் கிடைக்கிறது.

அடுத்தது ரியூசன் சேரின் குரல் பதிவு. "யதார்த்தமா யோசியுங்கோ பிள்ளை. மேல ஆசை, நடுவில நம்பிக்கை, கீழ காப்பு. அப்பிடிப் பட்டியல் போடுங்கோ." அருமையான அறிவுரை. இரண்டு வருடத்துக்கு முன் இதே சேரின் சுவரொட்டி வெள்ளவத்தைச் சந்துகளிலும் கொட்டாஞ்சேனை மதில்களிலும் ஒட்டியிருந்தது. கழுத்தில் ஸ்டெதஸ்கோப்போடு பிள்ளைகள் சிரித்தார்கள். அப்போது யதார்த்தம் எங்கே போயிருந்தது? ரியூசன் துறையில் யதார்த்தம் என்பது பரீட்சை முடிந்த பிறகு நடத்தப்படும் பாடம். அதற்கு மட்டும் காசு வாங்குவதில்லை.

பட்டியல் நீள்கிறது. பெலிஹுல்ஓயா, மாகந்துர, மிஹிந்தலை, வந்தாறுமூலை, பம்பைமடு. பிள்ளை ஒருமுறைகூடப் போயிராத இடங்கள். பெயரைத் தவிர எதுவும் தெரியாத கற்கைநெறிகள். விடுதி கிடைக்குமா, அந்தத் துறைக்கு விரிவுரையாளர் இருக்கிறாரா, 2022 நெருக்கடியோடு விமானம் ஏறிவிட்டாரா? மேசையில் யாருக்கும் தெரியாது. ஒன்று மட்டும் தெரியும். கிடைத்ததில் பதிந்துவிட்டால், அடுத்த வருடம் நல்ல புள்ளி எடுத்து மறுபடி விண்ணப்பிக்கலாம் என்ற கதைக்கு இடமில்லை. பதினெட்டு, பத்தொன்பது வயதில் ஒரே எறி. சூதாட்ட விடுதிக்காரன்கூட இன்னொரு தடவை ஆட விடுவான்.

இதில் எந்தக் கற்கைநெறியையும் நான் குறை சொல்லவில்லை. விவசாயம் விரும்பி மாகந்துரைக்குப் போகிற பிள்ளைக்கு என் வணக்கம். ஆனால் அந்தப் பிள்ளையும் மருத்துவத்தை முதலாவதாகப் போட்டுவிட்டுத்தான் போகிறது. அதற்குக் காரணம் நாங்கள்.

மாவட்டத்துக்கு வருவோம். விதி எளிமையானது. அகில இலங்கைத் திறமை வரிசைக்கு 40 வீதம். சனத்தொகை விகிதப்படி மாவட்டங்களுக்கு 55 வீதம். கல்வியில் பின்தங்கியவை என்று குறிக்கப்பட்ட 16 மாவட்டங்களுக்கு மேலதிகமாக 5 வீதம். கொழும்பு அந்த 16இல் இல்லை. இருக்கவும் நியாயமில்லை. கொழும்பில் றோயல் இருக்கிறது, ஆனந்தா இருக்கிறது, விசாகா இருக்கிறது. கால்வாய்க் கரையில் ஒரே அறையில் ஐந்து பேர் படுத்தெழும்பும் வீட்டுப் பிள்ளையும் இருக்கிறது. பௌதிகவியல் ஆசிரியர் மாற்றலாகிப் போனால் அடுத்தவர் வரும்வரை ரியூசனை நம்பிக் கிடக்கும் தமிழ்மொழிப் பாடசாலையும் இருக்கிறது. நிரல் ஒன்றுதான். அடிமட்டம் ஒன்றுதான். வறுமை மாவட்ட எல்லையில் இறங்கி நின்றுவிடும் என்று நம்புகிற நாடு இது.

காசுள்ளவனுக்கு எல்லை ஒரு பிரச்சினையே இல்லை. பிள்ளையை முன்கூட்டியே வெட்டுப்புள்ளி குறைந்த மாவட்டத்துப் பாடசாலையில் பதிந்துவிடுவான். கொழும்பில் ரியூசன், நுவரெலியாவில் வரவுப் பதிவேடு. பிள்ளை தேயிலைக் கொழுந்தைப் படத்தில்தான் பார்த்திருக்கும். ஆனால் கொழுந்து பறிப்பவளின் மகளுக்குரிய ஆசனத்தில் அது உட்கார்ந்துவிடும். மலையகத்தில் இந்த முறைப்பாடு இன்று நேற்றையதல்ல. அதிபர் அறிவார், வலயக் கல்விப் பணிமனை அறியும், கிராம சேவகர் அறிவார். எல்லோரும் அறிந்த இரகசியத்துக்கு நம் ஊரில் நடைமுறை என்று பெயர்.

பின்தங்கிய அந்த 16இன் பட்டியலையே கொஞ்சம் நிதானமாக வாசியுங்கள். வேறெங்கும் கிடைக்காத நகைச்சுவை அதில் இருக்கிறது. அம்பாந்தோட்டை இருக்கிறது. சர்வதேசத் துறைமுகம், 2013இல் திறந்த மத்தள விமான நிலையம், சூரியவெவவில் கிரிக்கெட் மைதானம், மாநாட்டு மண்டபம். மாவட்டத்துக்கென்று ஒரு ஜனாதிபதி. கடன் வாங்கிக் கொட்டிய கொங்கிறீட்டை அளந்தால் ஆசியாவிலேயே முன்னேறிய மாவட்டம். பள்ளிக்கூடம் மட்டும் பின்தங்கிவிட்டது. விமானம் வராத விமான நிலையத்துக்குக் காசு இருந்தது. விஞ்ஞான ஆசிரியருக்கு இல்லை. துறைமுகத்தை 2017இல் 99 வருடக் குத்தகைக்குக் கொடுத்தாயிற்று. பின்தங்கிய மாவட்டம் என்ற பட்டத்தைக் குத்தகைக்கு எடுக்கத்தான் ஆளில்லை.

அதே பட்டியலில் யாழ்ப்பாணம். சிரிப்பதா அழுவதா என்று நீங்களே முடிவு செய்யுங்கள். 1971இல் மருத்துவ பீடம் போகச் சிங்களமொழி மூல மாணவனுக்கு 229 புள்ளி போதும், தமிழ்மொழி மூல மாணவனுக்கு 250 வேண்டும் என்றார்கள். நீங்கள் அளவுக்கு மிஞ்சிப் படிக்கிறீர்கள் என்பதே அதன் பொருள். தரப்படுத்தல் என்று அழகாகப் பெயர் வைத்தார்கள். பிறகு மாவட்டக் கோட்டா வந்தது. பிறகு என்னவெல்லாமோ வந்தது. முப்பது வருடம் குண்டு விழுந்தது, நூலகம் எரிந்தது, ஆசிரியர்கள் கப்பலேறினார்கள். எல்லாம் முடிந்து பார்த்தால், அளவுக்கு மிஞ்சிப் படித்த அதே மாவட்டம் கல்வியில் பின்தங்கியது என்ற சலுகையோடு உட்கார்ந்திருக்கிறது. அரசாங்கத்தின் பொறுமையைப் பாராட்டத்தான் வேண்டும். முதலில் தண்டனை, பிறகு நிவாரணம். இரண்டையும் விண்ணப்பப் படிவத்தின் மூலமே செய்துவிட்டார்கள்.

சரி, இசட் புள்ளியாவது நியாயமானதா? 2001 முதல் அதுதான் தராசு. ஒரு பாடத்தின் சராசரியிலிருந்து நீ எவ்வளவு மேலே, எவ்வளவு கீழே என்று சொல்லும் கணக்கு. கணக்கில் குற்றமில்லை. கணக்குப் பார்த்தவர்களில்தான் குற்றம். 2011 டிசெம்பர் 25, நத்தார் தினத்தன்று உயர்தரப் பெறுபேறு வெளியானது. மாவட்ட நிலைகள் பிழை. பிள்ளைகள் அலறினார்கள். விசாரிக்கப் போனால் அதைவிடப் பெரிய பூதம் கிளம்பியது. பழைய பாடத்திட்டத்தில் எழுதியவர்களையும் புதிய பாடத்திட்டத்தில் எழுதியவர்களையும் ஒன்றாகப் போட்டுக் கலக்கி இசட் புள்ளி கணித்திருந்தார்கள். வேறு வேறு வினாத்தாள் எழுதிய இரண்டு கூட்டத்துக்கு ஒரே சராசரி! புள்ளிவிபரவியல் முதல் வருட மாணவன் இப்படிச் செய்தால் பூச்சியம் போடுவார்கள். 2012 ஜூனில் உயர்நீதிமன்றம் அந்தக் கணிப்பைச் செல்லாது என்றது. பெறுபேறு வந்து ஆறு மாதத்துக்குப் பிறகும், தன் புள்ளி உண்மையில் என்ன என்று தெரியாமல் ஒரு தலைமுறை வீட்டில் உட்கார்ந்திருந்தது.

அப்போது கல்வி அமைச்சர் பந்துல குணவர்தன. அரசியலில் உச்சிக்கு ஏறுவதற்கு முன் உயர்தரப் பொருளியல் ரியூசன் வகுப்புகளால் பெயர் பெற்றவர். உயர்கல்வி அமைச்சர் எஸ்.பி. திசாநாயக்க. ஆசனங்கள் அசைந்தனவா? 2015 ஆட்சி மாற்றம் வரும்வரை இருவரும் அமைச்சரவையில்தான் இருந்தார்கள். பிள்ளை குறியீட்டில் ஒரு எழுத்தைத் தவறாக எழுதினால் வாழ்க்கை மாறும். அமைச்சு ஒரு தலைமுறையின் புள்ளியையே தவறாக எழுதினால் ஊடக அறிக்கை வரும்.

வருடத்தின் பெயரையாவது சரியாக எழுதுகிறார்களா? 2022 உயர்தரப் பரீட்சை தொடங்கியது 2023 ஜனவரியில். வரிக்கு எதிரான போராட்டத்தில் விரிவுரையாளர்கள் விடைத்தாள் திருத்த மறுத்தார்கள்; பெறுபேறு வந்தது செப்டெம்பரில். 2023 பரீட்சை நடந்தது 2024இல். அந்த மே மாதம் கல்விசாரா ஊழியர்கள் வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். இரண்டு மாதத்துக்கு மேல் பல்கலைக்கழக அலுவலகங்கள் பூட்டிக் கிடந்தன. ஊழியர்களுக்கு நியாயம் இருந்திருக்கலாம். விரிவுரையாளர்களுக்கும் இருந்திருக்கலாம். எல்லோருடைய நியாயத்துக்கும் தவணைக் காசு கட்டியது வீட்டில் காத்திருந்த பிள்ளை. இங்கிலாந்தில் இருபத்தொரு வயதில் பட்டம் வாங்குகிறார்கள். இங்கே இருபத்தொரு வயதில் வெற்றிட நிரப்பல் பட்டியலில் பெயர் வருமா என்று தளத்தைத் திறந்து திறந்து பார்க்கிறார்கள்.

வெளியே விடப்பட்ட அந்த ஒரு இலட்சத்துக்கு மேற்பட்டோருக்கு என்ன வழி? இங்கேதான் நம் அரசியலின் உச்சகட்ட நாடகம். 1981இல் ராகமையில் தனியார் மருத்துவக் கல்லூரி தொடங்கினார்கள். எதிர்ப்பு. 1989இல் அரசு எடுத்துக்கொண்டது. அது இன்று களனிப் பல்கலைக்கழக மருத்துவ பீடம். அந்தப் போராட்டத்தால் அரச ஆசனங்களாவது கிடைத்தன. பிறகு மாலபேயில் சைட்டம் என்ற தனியார் மருத்துவக் கல்லூரி வந்தது. மறுபடி வீதி, கண்ணீர்ப்புகை, தண்ணீர்ப் பீரங்கி. 2017இல் ஒழிப்பதாக அறிவித்தார்கள். அங்கிருந்த மாணவர்களைக் கொத்தலாவல பாதுகாப்புப் பல்கலைக்கழகத்துக்கு மாற்றினார்கள். அதுவும் கட்டணம் வாங்கிப் படிப்பிக்கிற இடம்தான். இலவசக் கல்வி காப்பாற்றப்பட்டது என்று கோஷம் போட்டவர்கள் வீட்டுக்குப் போனார்கள். கிருலப்பனைப் பிள்ளைக்கு ஒரு ஆசனம்கூடக் கூடவில்லை. தண்ணீர்ப் பீரங்கிக்கான தண்ணீர்தான் வீண்.

அதே 2017இல்தான் வட்டியில்லாக் கடன் திட்டமும் வந்தது. அரச பல்கலைக்கழகத்தில் இடமில்லாத தகுதியுள்ள பிள்ளை கடன் வாங்கித் தனியார் நிறுவனத்தில் பட்டம் படிக்கலாம். யோசித்துப் பாருங்கள். 1945இல் கன்னங்கரா இலவசக் கல்வியைக் கொண்டுவந்தார். எழுபது சொச்ச வருடத்துக்குப் பிறகு அதே அரசு பிள்ளையின் கையில் கடன் பத்திரத்தைக் கொடுத்து, உத்தரவாதிகளைக் கூட்டிக்கொண்டு வா என்கிறது. தனியார் கல்வி கூடாது என்று ஒரு வாசலில் பதாகை. தனியார் கல்விக்குக் கடன் தருகிறோம் என்று அடுத்த வாசலில் பதாகை. இரண்டையும் அச்சடித்தது நம் வரிப்பணம்.

கடனும் வேண்டாம் என்றால் காலி வீதி இருக்கிறது. வெள்ளவத்தையில் இறங்கினால் நகைக்கடைக்கும் புடைவைக்கடைக்கும் இடையில் வெளிநாட்டுக் கல்வி முகவர். குளிரூட்டிய அறை, சுவரில் கொடிகள். ஆலோசனை இலவசம். பல்கலைக்கழகம் தரகு கொடுப்பதால் இலவசம். இவரும் பட்டியல் போட்டுத் தருகிறார். வார்ட் பிளேஸ் கேட்டது புள்ளி. இவர் கேட்பது வங்கி மீதி. இவர் பட்டியலில் எல்லோருக்கும் இடம் உண்டு. மூன்று எஸ் எடுத்தவனுக்கும் உண்டு. யாழ்ப்பாணத்துக் காணியின் உறுதி இருந்தால் போதும்.

ஆனால் அந்தப் பட்டியலின் அடியில் சிறிய எழுத்தில் இருப்பதை யார் வாசித்தார்கள்? அவுஸ்திரேலிய மாணவர் விசாக் கட்டணம் 2024 ஜூலையில் 710 டொலரிலிருந்து 1,600 ஆனது. அடுத்த ஜூலையில் 2,000. விசா மறுத்தால் அந்தக் காசு திரும்பாது. முதுமாணி படிக்கப் போகிறவர் கணவனையோ மனைவியையோ கூட்டிக்கொண்டு போகும் வழியைப் பிரித்தானியா 2024 ஜனவரியோடு பெரும்பாலும் அடைத்துவிட்டது. அதே மாதம் கனடா மாணவர் அனுமதிக்கு உச்சவரம்பு போட்டது. ஸ்காபரோ மாமா அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. வேறு நாட்டில் மருத்துவம் படித்துவிட்டு வந்தாலும் இங்கே மருத்துவ சபையின் பரீட்சை காத்திருக்கிறது. வெட்டுப்புள்ளிக்குத் தப்பி ஓடியவன் விமான நிலையத்தில் இறங்கியதும் மறுபடி பரீட்சை மண்டபம்.

காசில்லை, நாடு வங்குரோத்து, என்ன செய்வது என்பார்கள். நாடு வங்குரோத்தானது 2022இல். இந்தக் கதை அதற்கு எத்தனையோ வருடம் முந்தியது. 2012இல் பல்கலைக்கழக விரிவுரையாளர்கள் மூன்று மாதத்துக்கு மேல் வேலைநிறுத்தம் செய்தார்கள். காலியிலிருந்து கொழும்புக்கு நடந்தார்கள். மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 6 வீதத்தைக் கல்விக்கு ஒதுக்கு என்பதே கோரிக்கை. அப்போது நாடு மத்தளவில் விமான நிலையம் கட்டிக்கொண்டிருந்தது. ஒதுக்கீடு 2 வீதத்தைச் சுற்றியே கிடந்தது; பிறகும் அங்கேயே கிடக்கிறது. அந்தப் போராட்டத்தில் விரிவுரையாளராக நின்று குரல் கொடுத்த ஹரிணி அமரசூரிய 2024 முதல் பிரதமர். கல்வியும் உயர்கல்வியும் அவர் அமைச்சு. அன்று பதாகை பிடித்த கையில் இன்று பேனா இருக்கிறது. 6 என்ற இலக்கத்தை எழுத அதிக மை தேவைப்படாது. இன்னும் எழுதப்படவில்லை.

அதுவரை கிருலப்பனையில் அடிமட்டம் இறங்கிக்கொண்டேயிருக்கும். பிள்ளை இருபதாவது விருப்பத்தையும் எழுதி முடிக்கும். அதிபரின் கையொப்பம் வாங்கும். காத்திருக்கும். பெரும்பாலும் எதுவும் வராது.

வாசகரிடம் ஒரு வேண்டுகோள். அமைச்சர்மாரும் பாராளுமன்ற உறுப்பினர்களும் உங்கள் பிள்ளையின் பாடசாலைப் பரிசளிப்பு விழாவுக்கு வருவார்கள். எந்தக் கட்சியானாலும் வருவார்கள். பொன்னாடை போர்த்துவீர்கள். கல்வியே கண் என்று அவர் பேசுவார். பேசி முடித்ததும் எழுந்து நின்று, மரியாதையாக, ஒன்றே ஒன்றைக் கேளுங்கள்: "ஐயா, உங்கட பிள்ளை கைநூலில எந்தக் குறியீட்டு இலக்கத்தில படிக்குது?"

பதில் வரும்வரை உட்காராதீர்கள்.